வாயுவுக்குப் பயந்து பயறை நிறுத்தலாமா?



ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்துக் கொண்டாடியது. அதற்கு முன்பிருந்தே நம் மளிகைக் கடைகளில் வரகு, சாமை, தினை, குதிரைவாலி, கொள்ளு, கொண்டைக்கடலை, ராஜ்மா இவற்றைக் கேட்டு வருவோர் பெருகி விட்டனர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு என்று டாக்டரிடம் போய் வந்தவர்கள் வெள்ளை அரிசியைக் குறைத்து இவற்றுக்கு மாறுகிறார்கள். நல்ல மாற்றம்தான்.

ஆனால் இரண்டு வாரம் கழித்து அதே வாடிக்கையாளர் வந்து, "அண்ணாச்சி, வயிறு ஊதிக்கிட்டே இருக்கு, ஒரே கேஸ். பழைய சரக்கைக் கொடுத்துட்டீங்களா?" என்று கேட்பதும் நமக்குப் புதிதல்ல. பிறகு அந்தச் சரக்கை அவர் வாங்குவதில்லை. உடம்புக்கு ஆகிற உணவும் நின்று போகிறது, நமக்கும் கெட்ட பெயர். ஆகவே இந்த வாயு ஏன் வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வாயு எங்கிருந்து வருகிறது?

பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைப் பொருள்கள் உள்ளன. இவற்றை உடைக்கத் தேவையான செரிமானப் பொருள் மனிதனின் சிறுகுடலில் சுரப்பதில்லை. எனவே இவை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. தானியங்களிலுள்ள நார்ச்சத்தும் அப்படியே. பெருங்குடலில் வாழும் கோடானு கோடி நுண்ணுயிர்கள் இவற்றை நொதிக்க வைக்கின்றன. இட்லி மாவு புளித்துப் பொங்குவது போலத்தான். அப்போது ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன் ஆகியவை உண்டாகின்றன. குடலுக்கு நன்மை தரும் சில அமிலங்களும் இதே நொதித்தலில்தான் கிடைக்கின்றன. ஆகவே கொஞ்சம் வாயு பிரிவது நோயல்ல. நல்ல உடம்புக்காரருக்கே நாளொன்றுக்குப் பத்து இருபது முறை பிரிவது இயல்பு.

தொல்லை வருவது திடீர் மாற்றத்தினால். நாற்பது வருடம் மூன்று வேளையும் அரிசி சாப்பிட்ட வயிற்றுக்கு, ஒரே நாளில் காலை முளைகட்டிய பயறு, மதியம் வரகரிசிச் சோறு, இரவு கொண்டைக்கடலை என்று கொடுத்தால் அது தாங்குமா?

கொஞ்சம் கொஞ்சமாக

முதல் வாரம் இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஆளுக்கு இரண்டு மூன்று கரண்டி வெந்த பயறு போதும். ஒத்துக்கொண்டால் சிறிது கூட்டலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வயிறு பழகிவிடும். நார்ச்சத்தைக் கூட்டும்போது தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். இல்லையேல் மலச்சிக்கல் வந்து உப்புசம் அதிகமாகும்.

ஒரு சமயத்தில் ஒரு புதுப் பொருள் என்பதும் முக்கியம். இருபது தானியம் கலந்த சத்துமாவில் தொடங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? தொடங்குகிறவர்களுக்குத் தோல் நீக்கிய பாசிப்பருப்பு எளிது. முழுப் பயறு, கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் பிறகு.

புதிதாகக் கேட்பவருக்கு இரண்டு கிலோ கட்டிக் கொடுப்பதை விடக் கால் கிலோ கொடுத்து, "கொஞ்சமாத் தொடங்குங்க" என்று சொல்வது நம் வியாபாரத்துக்கும் நல்லது. கால் கிலோ வாங்கியவர் திரும்பி வருவார். இரண்டு கிலோ வாங்கி வயிறு கெட்டவர் வரமாட்டார்.

ஊறல், வேக்காடு

முழுப் பயறு, கடலை வகைகளை இரவு முழுவதும், அதாவது எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நிறையத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். வாயு உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். முளைகட்டினாலும் குறையும். ஆனால் முளைப்பயறைப் பச்சையாகத் தின்னாமல் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவது வயிற்றுக்கு நல்லது.

ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அரைவேக்காட்டு ராஜ்மாவில் ஒருவித நச்சுப்பொருள் எஞ்சியிருக்கும். அதனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நசுங்குகிற பதம் வரும்வரை வேகவைக்க வேண்டும்.

புளி, தக்காளி போன்ற புளிப்பை முதலிலேயே சேர்த்தால் பயறு வேகாது. வெந்த பிறகே சேர்க்க வேண்டும். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்புப் போடுவது ரத்தக் கொதிப்புக்காரருக்கு ஆகாது. அதில் சோடியம் இருக்கிறது. பி வைட்டமினும் குறைந்துபோகும்.

நம் பங்கு

வாடிக்கையாளர் சொல்லும் புகாரில் ஓரளவு உண்மையும் உண்டு. வெப்பமும் ஈரமும் உள்ள குடோனில் நாள்பட்டுக் கிடந்த கடலையும் பயறும் இறுகிப் போய், எவ்வளவு ஊறினாலும் சரியாக வேகாது. பழையதையும் புதியதையும் கலந்து விற்றால் ஒன்று குழையும், ஒன்று கல்லாக நிற்கும். வேகாதது வயிற்றில் தொல்லைதான் தரும். ஆகவே முதலில் வந்த சரக்கை முதலில் விற்பதும், இரண்டையும் கலக்காமல் இருப்பதும் நம் கடமை. உப்புத் தண்ணீரிலும் பயறு எளிதில் வேகாது. புகார் சொல்பவரிடம் எந்தத் தண்ணீரில் வேகவைத்தார் என்று கேட்பது நல்லது.

பெருங்காயம், சீரகம், ஓமம், இஞ்சி இவற்றைச் சேர்ப்பது நம் முன்னோர் வழக்கம். சேர்க்கலாம், சுகம் கிடைக்கும். ஆனால் ஊறலுக்கும் வேக்காட்டுக்கும் இவை ஈடாகா. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம் என்பதால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் கேட்டால் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்ட வேண்டும். வாயுவுக்கு மருந்தென்று நம்பும் பூண்டும், வெங்காயமும் சிலருக்கு வாயுவை உண்டாக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கல்லாவில் இருக்கும் நமக்கும்

மூன்று மணிக்கு மதியச் சாப்பாடு, அதையும் போனில் பேசிக்கொண்டே அள்ளிப் போடுவது, உடனே கல்லாவில் உட்காருவது. இதுதான் நம்மில் பலரின் வழக்கம். அவசரமாக உண்ணும்போது காற்றையும் விழுங்குகிறோம். பிறகு கேஸ் போக சோடா குடிக்கிறோம். அதிலும் இருப்பது வாயுதான். மென்று சாப்பிட்டு, பத்து நிமிடம் கடைத்தெருவில் நடந்து வந்தாலே பாதித் தொல்லை குறையும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டீ, காபியாலும் உப்புசம் வரும். சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளும் வாயுவை உண்டாக்கும். அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாமே கேஸ் அல்ல

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "கேஸ்தான், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்று கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பது உயிருக்கே ஆபத்து. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி அதிகம் தெரியாமலே மாரடைப்பு வருவதுண்டு. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அதே போல மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், வாரக்கணக்கில் மாறாத வயிற்று வலி இருந்தால் அது பயறின் குற்றமல்ல. டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

நாம் வைத்தியர்கள் அல்ல. ஆனால் நாம் விற்கும் பொருளை எவ்வளவு எடுப்பது, எப்படி ஊறவைப்பது, எப்படி வேகவைப்பது என்று சொல்ல நமக்குத் தெரியும். பொட்டலம் கட்டும் நேரத்தில் அந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்துச் சொல்வோம்.