ஜிபிஎஸ் வார எண் சுழற்சி

ஜிபிஎஸ் வார எண் சுழற்சி என்பது, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வார எண் 1023-ஐத் தாண்டியதும் மீண்டும் சுழியத்துக்குத் திரும்புவதைக் குறிக்கும். பழைய சமிக்ஞையில் இவ்வெண்ணுக்கு 10 பிட்டுகளே ஒதுக்கப்பட்டன. ஆகவே ஏறத்தாழ 19.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நேர்கிறது. 1980 சனவரி 6-இல் தொடங்கிய எண்ணிக்கை 1999 ஆகத்திலும் 2019 ஏப்ரலிலும் சுழியத்துக்குத் திரும்பியது.

செயற்கைக்கோளில் பழுது ஏதுமில்லை. எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கருவியின் மென்பொருளே ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்துக்கும் ஒரு கெடு உண்டு. அது கடந்தால் கருவி 1024 வாரம் பிந்திய பழைய தேதியைக் காட்டும். 2019-இல் தப்பிய கருவி வேறொரு நாளில் தவறுவது இதனால்தான். பெரும்பாலும் இருப்பிடம் சரியாகவே இருக்கும். சில கருவிகள் அதையும் கண்டறியத் திணறும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் மீன்பிடிக்கும் பாக் நீரிணையில் இது சிறிய செய்தியன்று. அங்கே 1974-இல் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லையைக் கண்ணால் காண முடியாது, திரையில்தான் காணலாம். தாண்டினால் கைது, படகு பறிமுதல். தயாரிப்பு நின்றுபோன கருவிக்கு நிறுவனம் புதிய மென்பொருள் வெளியிடாவிட்டால், நன்றாக இயங்கும் கருவியையும் தூக்கிப்போட வேண்டியதுதான். புதிய சமிக்ஞைகளில் வார எண் 13 பிட்டுகள் கொண்டது. அது 157 ஆண்டுகள் தாங்கும். பழைய கருவிகளால் அதைப் படிக்க இயலாது.