மூட்டுத் தேய்மானமும் மூச்சும்

"ஆக்சிஜன் வைத்தால் முழங்கால் வலி குறையுமா?" என்று மூட்டுத் தேய்மான நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி வினவுகின்றனர். விரல்நுனிக் கருவி 95 விழுக்காடோ அதற்கு மேலோ காட்டினால், குருதியில் ஆக்சிஜன் போதிய அளவு உள்ளது. மேலும் செலுத்துவதால் தேய்ந்த குருத்தெலும்பு வளராது. அதில் இரத்தக் குழாய்களே இல்லை. மூட்டு மடங்கி நீளும்போது உள்ளே பரவும் மூட்டுத் திரவமே அதற்கு ஊட்டமளிக்கிறது. ஆகவே நாங்கள் முதலில் பரிந்துரைப்பது அசைவையே.

மூச்சுக்கும் இதில் பங்குண்டு. வலிக்கு அஞ்சிப் பலர் எழும்போது மூச்சை அடக்கிக்கொள்கின்றனர். இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. நாற்காலியின் முன்விளிம்பிற்கு நகர்ந்து, மூக்கால் மூச்சை இழுத்து, வாயால் மெல்ல விட்டபடியே எழுங்கள். அமர்ந்தவாறு காலை நீட்டி 5 நொடி நிறுத்தும்போது வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க இயலாது. உடனிருப்போரும் சேர்ந்து எண்ணலாம். பேரக்குழந்தைகளுக்கு இது மிகவும் பிடித்த வேலை.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உள்ளவர்கள் கவனிக்க: கரியமில வாயு தேங்கும் இயல்புடையோருக்கு நாங்கள் குறிக்கும் அளவு பெரும்பாலும் 88 முதல் 92 விழுக்காடு வரை மட்டுமே. மூட்டு வலிக்காக வீட்டுச் சிலிண்டரைத் தாமே கூட்டி வைத்தால் நினைவு தடுமாறக்கூடும். இத்தகையோர் பயிற்சி தொடங்குமுன் எங்களைச் சந்திக்க வேண்டுகிறோம்.