நரையணிலும் கொண்டைக்குருவியும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துத் தோப்புகளில் மா பழுக்கும் காலத்தில் நரையணிலும் கொண்டைக்குருவியும் வந்து பழங்களைத் தின்பதுண்டு. ஆகவே குடியானவர் இரண்டையும் ஒரே விதமான சத்துருவாக எண்ணுவது வழக்கம். எனினும் இவற்றின் வர்க்கமும் நிலைமையும் வெவ்வேறாகும்.

நரையணில் குட்டி ஈன்று பாலூட்டும் பிராணி. எலி, முள்ளம்பன்றி முதலியன அடங்கிய கொறிக்கும் வர்க்கத்தில் அணிற் குடும்பத்தைச் சேர்ந்தது. முதுகில் மூன்று கோடுகளுடைய சாதாரண அணிலும் அதே குடும்பமாயினும் வேறு இனம். நரையணில் அதனினும் பன்மடங்கு பெரியது. கொண்டைக்குருவியோ முட்டையிடும் பக்ஷி. காகம், மைனா முதலியவற்றைப் போல் கிளையைப் பற்றியமரும் வர்க்கத்தது. கருங்கொண்டையும், வாலடியிலுள்ள செந்நிறமும் இதன் அடையாளங்கள்.

கொண்டைக்குருவி இந்தியாவெங்கும் பரவியுள்ளது. தாழ்ந்த புதர்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் கூடு கட்டி, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று முட்டைகளிட்டு, ஆண்டில் பல முறை குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளை ஊட்டுவதால் பயிருக்கு நன்மையும் உண்டு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனைக் கவலைக்கிடமில்லாத இனங்களில் சேர்த்துள்ளது.

நரையணிலின் நிலைமை அவ்வாறன்று. உலகில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இது வாழ்கின்றது. மேற்படி சங்கம் இதனை அபாயத்தை நெருங்கிய இனமெனக் குறித்துள்ளது. இதன்பொருட்டே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-ஆம் ஆண்டு சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அது மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று.

இவ்வணில் தரையில் இறங்குவது அரிது. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொட்டால்தான் இது இரை தேடவும், பருந்து முதலியவற்றினின்றும் தப்பவும் இயலும். கூடு கட்டுவதும் அத்தகைய மரத்திலேயே. ஆதலால் வரிசையின் நடுவில் ஒரு மரம் வெட்டுண்டால், நஷ்டம் அம்மரத்தோடு நிற்பதில்லை. இருபுறத்து மரங்களும் அணிலுக்குப் பயனற்றவையாகக் கூடும்.

செண்பகத்தோப்பு முதலிய அடிவாரப் பகுதிகளில் நிலமுடையோர் முதிர்ந்த மா, புளி மரங்களை அகற்ற நேர்ந்தால், ஒரே தடவையில் வெட்டாமல், பக்கத்துக் கன்றுகள் வளர்ந்து கிளை கூடிய பின் ஒவ்வொன்றாக அகற்றுதல் நலம். கூடுள்ள மரத்தைக் கவாத்து செய்யலாகாது. காய்களை முற்றியவுடன் பறித்துவிட்டால் இரண்டினாலும் வரும் சேதம் குறையும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விரண்டுக்கும் பொருந்தும். கண்ணி வைத்தலும் கொல்லுதலும் குற்றமாகும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பதோடு, காயமுற்ற நரையணிலைக் கண்டால் வனத்துறையினருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். குருவி குறைந்தால் வேறு தோப்பிலிருந்து வந்து சேரும். அணில் அற்றுப்போயின் அதனை ஈடு செய்ய வழியில்லை.