இரவு தங்குவது தீவிலா, கரையிலா?

பிரான்சு நாட்டின் வடமேற்குக் கரையில், நார்மண்டிப் பகுதியில், கடலும் மணலும் மாறிமாறி ஆட்சி செலுத்தும் விரிகுடா ஒன்றின் நடுவே ஒரு பாறை எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில் அதிதூதர் புனித மிக்கேலின் பெயர் தாங்கிய மடாலயம். அடியில் மதிலுக்குள் அடங்கிய சிற்றூர். மோன் சேன் மிஷேல், அதாவது புனித மிக்கேல் மலை, என்பது அதன் பெயர். 708-ஆம் ஆண்டில் அவ்ரான்ஷ் நகர் ஆயர் புனித ஒபேர் அங்கு முதற் சிற்றாலயத்தை எழுப்பினார் என்பது மரபு. 966-இல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் அங்கே குடியேறினர்.

லூர்து திருத்தலத்துக்குச் செல்வோரிலும், பாரிசு நகரில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரிலும் சிலர் இம்மலையையும் தரிசிக்க விழைகின்றனர். அவர்கள் முன் எழும் முதற் கேள்வி, "இரவு எங்கே தங்குவது?" என்பதாகும். இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. தீவை எவ்வேளையில் காணப்போகிறோம் என்பதையும் இதுவே முடிவு செய்கிறது.

பகலில் வந்து மாலைக்குள் திரும்புவோரே மிகப் பலர். கடைகள் நிறைந்த ஒரே குறுந்தெருவில் அவர்கள் தோளோடு தோள் இடித்து நடக்கின்றனர். அந்தி சாய்ந்ததும் கூட்டம் கலைகிறது. மலையில் அமைதி குடிகொள்கிறது. மேலும், அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாள்களில் எழும் பேரோதம் இவ்விடத்தில் பெரும்பாலும் காலையிலும், மாலை கடந்த வேளையிலுமே உச்சத்தை எட்டுகிறது. நீர்மட்டம் சில நாள்களில் ஏறத்தாழ 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். பாறையைக் கடல் சூழும் அக்காட்சி நண்பகலில் வந்து போவோர்க்குக் கிட்டுவது அரிது. ஆகவே பயண நாளை உறுதி செய்யுமுன் ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நன்று.

இனி, தங்குமிடங்களைக் காண்போம். மதிலுக்குள் இருப்பவை பழைய வீடுகளில் அமைந்த சில விடுதிகளே. அறைகள் சிறியவை; வாடகை மிகுதி; படிகளும் மிகுதி. வாகனம் அறை வாசல் வரை வராது. பெட்டியைத் தாமே தூக்கிச் செல்ல வல்ல இளையோர்க்கு, ஓர் இரவுக்கு மட்டும், இது தகும்.

கரையிலே, கூஎனோன் ஆற்று அணைக்கு அருகில், வேறு விடுதிகள் உள்ளன. 1879-இல் கட்டப்பட்ட கரைச்சாலை நீரோட்டத்தைத் தடுத்ததால் தீவைச் சுற்றி மணல் மேடிட்டது. அதனை நீக்க 2009-இல் புதிய அணையும், 2014-இல் நீர் தடையின்றிப் பாயும் பாலமும் திறக்கப்பட்டன. 2012 முதல் பயணிகளின் வண்டிகள் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே நிற்கின்றன. அங்கிருந்து கட்டணமில்லாப் பேருந்து உண்டு; நடந்தும் போகலாம். முதியோர் உடன் வரும் குடும்பத்துக்கு இக்கரையே ஏற்றது. மாலையில் பாலத்தின் மீது நின்று மலையைக் கண்டு, களைப்பின்றித் திரும்பலாம்.

சிக்கனம் வேண்டுவோர் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொந்தோர்சோன் ஊரில் தங்கலாம். இரயில் நிலையமும், மலைக்குச் செல்லும் பேருந்தும் அங்கே உண்டு. கல்வியில் நாட்டமுள்ளோர்க்கு அவ்ரான்ஷ் உகந்தது. மடாலயத்தில் துறவிகள் போற்றிய ஏறத்தாழ 200 கைப்பிரதிகள் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இந்நகரில் காக்கப்பட்டு வருகின்றன.

எங்கே தங்கினும் இரண்டு செய்திகளை மறவாதிருப்போமாக. மடாலயத்தைக் காண ஏறத்தாழ 350 படிகள் ஏற வேண்டும். முழங்கால் நோவுடைய தாயை, "இன்னும் கொஞ்சம்தான்" என்று வற்புறுத்துதல் ஆகாது. ஓதம் வற்றிய மணலில் வழிகாட்டியின்றி இறங்குதலும் ஆகாது. அங்கே புதைமணல் உண்டு. திரும்பி வரும் கடல் வழியையும் மறித்துவிடும். முற்கால யாத்திரிகர் பலர் அங்கே உயிர் துறந்தனர்.

அக்காலத்தில் தங்குமிடத்தைத் தெரிவு செய்யும் வசதி எல்லார்க்கும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த, 'அற்புதம்' எனப் போற்றப்படும் கட்டடத்தைப் பாருங்கள்: அடித்தளத்தில் ஏழை யாத்திரிகர்க்கு உதவி வழங்கிய கூடம், அதன் மேல் உயர்குடி விருந்தினர்க்கான மண்டபம், எல்லாவற்றுக்கும் மேலே துறவிகளின் உணவறை. தளங்கள் வேறாயினும், விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு. பின்னாளில் அம்மடாலயம் சிறையாக மாறி, 1863 வரை கைதிகளைத் தாங்கியது. 2001 முதல் எருசலேம் சகோதரத்துவத் துறவியர் அங்கு மீண்டும் செபக்குரல் எழுப்பி வருகின்றனர்.

எனவே, அறையின் அழகைக் கேட்குமுன், உடன் வருவோரில் மிகவும் தளர்ந்தவர் யார் என்று கேட்போம். அவரால் இயன்ற தொலைவில் தங்குவோம். பணம் மிஞ்சினால், மலையடியில் இன்னும் ஒரு மாலைப் பொழுதை அவரோடு கழிப்போம்.