உங்க டபராவுக்கும் ஆப்பிரிக்கக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

டிகாக்‌ஷன் வாசனை வந்தாதான் உங்களுக்குப் பொழுதே விடியுமா? அப்போ இது உங்களுக்கான மேட்டர்தான்.

காபியில் 124 வகைச் செடிகள் இருப்பதாக 2019-ல் கணக்கு சொன்னார்கள் லண்டன் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள். நாம் குடிப்பதோ பெரும்பாலும் அராபிகா, ரோபஸ்டா என இரண்டே வகை. மற்றவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் காடுகளில் யார் கண்ணிலும் படாமல் வளர்பவை. அந்த 124-ல் 75 வகைகள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. எத்தியோப்பிய மலைக்காடுகளில் தானாக வளரும் அராபிகாவும் அதில் ஒன்று. குளிர்ச்சியில் பழகிய செடி அது. வெயில் கூடக் கூட, மலையில் இன்னும் மேலே போனால்தான் பிழைக்கும். உச்சியைத் தொட்டபிறகு எங்கே போகும், சொல்லுங்க?

'அதான் தோட்டத்துல ஏக்கர் கணக்குல போடுறாங்களே, காட்டுச்செடி போனா என்ன?'ன்னு தோணலாம். தோட்டத்து அராபிகா பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றுக்கு நோய் வந்தால் அத்தனைக்கும் வரும். 1869-ல் இலங்கையில் இலைத்துரு நோய் தாக்கி, காபித் தோட்டங்களே காலியாகி, அந்த இடத்தில் தேயிலை வந்தது. 'சிலோன் டீ' பிறந்த கதையே இதுதான். நம் ஊர் மலைத் தோட்டங்களில் பிரபலமான எஸ்.795 ரகம் இலைத்துருவை ஓரளவு தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அதில் கலந்திருக்கும் லைபீரிகா என்ற ஆப்பிரிக்க உறவுக்காரச் செடி.

சரி, விதையை எடுத்து பத்திரப்படுத்தலாமே? அங்கேதான் சிக்கல். நெல், கம்பு மாதிரி காபி விதையை நன்றாக உலர்த்தி, உறையவைத்து வருஷக்கணக்கில் வைக்க முடியாது, உயிர் போய்விடும். செடியாக வளர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஆனால், கிட்டத்தட்ட பாதி வகைகள் எந்தச் சேகரிப்பிலும் இல்லை.

ஸ்டெனோஃபில்லா என்றொரு வகை. 1954-க்குப் பிறகு சியரா லியோன் காடுகளில் அதைப் பார்த்ததாகப் பதிவே இல்லை. 2018-ல் ஆய்வாளர்கள் தேடிப்போனபோது, முதலில் கிடைத்தது ஒரே ஒரு செடி. இன்னும் அலைந்த பிறகுதான் வேறு சில சிக்கின. அந்தக் காபியைப் பிறகு குடித்துப் பார்த்த சுவை நிபுணர்கள், 'அட, அராபிகா மாதிரியே இருக்கே!' என்றார்கள். இத்தனைக்கும் அராபிகா வளரும் இடங்களைவிட சராசரியாக 6 டிகிரி அதிக வெப்பமுள்ள இடத்தில் வளர்கிற செடி. அங்கே மரம் வெட்டுவதுதான் இன்னும் நின்றபாடில்லை.