உரிமை கோரப்படாத உடல்கள்: உடற்கூற்றியல் கல்வியின் மறுபக்கம்

உடற்கூற்றியலைக் கற்பிக்க மனித உடல் இன்றியமையாதது. அவ்வுடல் யாருடையது என்னும் வினா, மருத்துவ வரலாற்றுக்கு மட்டுமன்றிப் புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றுக்கும் உரியதாகும்.

இங்கிலாந்தில் 1752 முதல், தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்கள் அறுவை மருத்துவர்களுக்கு வழங்கப்பட்டன. அவை போதாமையால் கல்லறைத் திருட்டுப் பெருகியது. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்னும் இருவர் உடல்களை விற்பதற்காகவே கொலைகள் புரிந்தமை வெளிப்பட்டது. அதன்பின் இயற்றப்பட்ட 1832ஆம் ஆண்டுச் சட்டம், ஏழையர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்தோருள் எவரும் உரிமை கோராதோரின் உடல்களைப் பயன்படுத்த வழிவகுத்தது. குற்றவாளி இருந்த இடத்திற்கு ஏழை வந்து சேர்ந்தான்.

கல்கத்தாவில் 1836இல் மதுசூதன் குப்தா உடலை அறுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். மலாயாவுக்கு இக்கல்வி 1905இல் சிங்கப்பூரில் தோன்றிய மருத்துவப் பள்ளியின்வழி வந்தது. பேராக்கை உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் பெயரையும் அப்பள்ளி தாங்கியிருந்தது.

இங்கு, 1937 வரை பேராக்கின் தலைநகராக விளங்கிய தைப்பிங்கை நினைவுகூர்தல் பொருத்தமாகும். அதன் மருத்துவமனை 1880இல் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகத் தோன்றியது. பின்னர் சுற்றுவட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணியுடன் தனியே கப்பலேறி வந்த ஒருவர் மருத்துவமனையில் இறந்தால், கொள்ளி வைக்க வேண்டிய மகன் சேலத்திலோ திருச்சியிலோ இருந்திருப்பான். கடிதம் கடலைக் கடக்கும்வரை உடல் காத்திராது. ஆகவே, ‘உரிமை கோரப்படாதவர்’ என்பதற்கு ‘உறவற்றவர்’ என்று பொருள் கொள்ளுதல் பிழையாகும். அவருடைய உறவினர் தொலைவில் இருந்தனர் என்பதே உண்மை. ‘அநாதைப் பிணம்’ என்னும் நம் வழக்கு இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு உடற்கூற்றியல் சட்டமும் உரிமை கோரப்படாத உடல்களைக் கருத்திற் கொண்டதே. 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம், ஒருவர் தம் உடலை மருத்துவக் கல்விக்கு எழுத்துவழி அளிக்க இடந்தந்தது. 2012இல் மலாயாப் பல்கலைக்கழகம் சூச்சி அமைப்புடன் இணைந்து ‘மௌன ஆசான்’ திட்டத்தைத் தொடங்கியது. அதில் மாணவர்கள் கொடையாளரின் குடும்பத்தாரைச் சந்தித்து, அவரது வாழ்க்கையை அறிந்த பின்னரே பயிற்சியை மேற்கொள்கின்றனர்.

முன்பு உறவு அறியப்படாமையால் உடல் கிடைத்தது. இன்று உறவினர் அறிய, விருப்பத்துடன் கிடைக்கிறது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும், பெயரின்றிப் பாடமாகிய முன்னோரையும் ஆசான்கள் என்று அழைப்பதே முறையாகும் என்பது நம் கருத்து.