மேனாட்டு இசைச் சான்றோர்: ஸெஸார் பிராங்க் (2)
விடியற்காலை இரண்டு மணி நேரம்

1848 பிப்ரவரி 22 ஆம் தேதி, பாரிஸ் நகரத்தில் புரட்சி வெடித்துத் தெருக்களெல்லாம் தடுப்புச் சுவர்கள் எழும்பியிருந்த வேளையில், அவற்றின்மேல் ஏறி இறங்கியே மணப்பெண்ணோடு தேவாலயத்தை அடைந்து விவாகம் செய்துகொண்ட ஸெஸார் பிராங்கைச் சென்ற இதழில் கண்டோம். லியேஜ் நகரத்துப் பால மேதையாக ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டு, தகப்பனாரின் பேராசைக்குப் பத்து விரல்களையும் ஒப்புக்கொடுத்திருந்த அந்த இளைஞர், இருபத்தைந்தாம் வயதில் அந்த அதிகாரத்தை உதறிவிட்டு வெளியே வந்தபோது, அவர் கையில் இருந்தது பாடம் சொல்லிக் கொடுக்கும் தொழில் ஒன்றுதான். அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளை நாம் விரைவில் கடந்து விடலாம். வீடு வீடாகச் சென்று பியானோ கற்பித்ததும், சிறிய தேவாலயங்களில் ஆர்கன் வாசித்ததும், மேடை ஏறாமலே போன ஓர் ஆப்பெராவை இரவு பகலாக எழுதி உடல் நலிந்ததும் தவிர, அந்தக் காலத்தில் சொல்லத் தகுந்த சம்பவம் அதிகமில்லை.

1858 இல் ஸாந்த் க்ளோதில்த் என்னும் புதிய தேவாலயத்தில் உத்தியோகம் கிடைத்தது. மறு வருஷம் டிசம்பர் மாதத்தில், அக்காலத்து ஆர்கன் சிற்பிகளில் தலைசிறந்தவரான கவாயே கோல் அங்கே அமைத்த வாத்தியம் திறந்து வைக்கப்பட்டது. கையால் வாசிக்கும் மூன்று விசைப்பலகைகள், காலால் மிதித்து வாசிக்கும் ஒரு வரிசை, குழல் கூட்டங்களைத் திறந்து மூடும் 46 இழுப்புகள் என்று அமைந்த அந்த வாத்தியத்தில், நாதம் மெல்லிய மூச்சாகத் தொடங்கிப் படிப்படியாகப் பெருகி மண்டபத்தை நிறைத்து மீண்டும் தேய்ந்து மறையும் வசதி இருந்தது. பிராங்கின் பிற்காலச் சங்கீதத்தில் ஒரு ஸ்வரக் கூட்டம் இன்னொன்றாக உருகி மாறிக்கொண்டே போகும் அந்தத் தனித்தன்மைக்கு இந்த வாத்தியமே ஆசான் என்று நான் கருதுகிறேன். 1866 ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் லிஸ்ட் அந்த ஆர்கன் மாடத்துக்கு ஏறிவந்து பிராங்க் வாசிப்பதைக் கேட்டு, பாக்கின் பெயரோடு இவர் பெயரைச் சேர்த்துப் பேசிக்கொண்டு இறங்கினார். ஆனால் கீழே ஜெபம் செய்துகொண்டிருந்த பிரபுக்களின் குடும்பங்களுக்கோ, தங்கள் தலைக்கு மேலே நிகழ்வது இன்னதென்று தெரியவே இல்லை.

1872 இல் பாரிஸ் சங்கீதக் கலாசாலையில் ஆர்கன் ஆசிரியராக இருந்த பெனுவா ஓய்வு பெற, அவருடைய பழைய மாணாக்கரான பிராங்கே அந்த ஸ்தானத்துக்கு நியமிக்கப்பட்டார். அப்போது ஒரு சட்டச் சிக்கல் வெளிப்பட்டது. அவர் பிறந்த 1822 இல் பெல்ஜியம் என்றொரு தேசமே இல்லை. லியேஜ் நகரம் நெதர்லாந்து ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்தது. மகனைக் கலாசாலையில் சேர்ப்பதற்காகத் தகப்பனார் பெற்ற பிரெஞ்சுப் பிரஜா உரிமை, மகன் மேஜர் ஆனதும் அவரைவிட்டு நீங்கியிருந்தது. ஆகவே முப்பத்தேழு வருஷத்துக்கு முன்பே பாரிஸுக்குக் குடிவந்தவர், ஐம்பதாவது வயதில் மனுப் போட்டு, 1873 இல்தான் பிரெஞ்சுப் பிரஜையாகி அந்த வேலையை உறுதி செய்துகொண்டார்.

அந்த வகுப்பைப் பற்றிச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது ஏற்பாடு. அந்த ஆறு மணியில் ஐந்து மணியாவது மனோதர்மத்துக்கே செலவாயிற்று என்று, கடைசி வருஷங்களில் அங்கே பயின்ற லூயி வியேர்ன் எழுதி வைத்திருக்கிறார். பரீட்சையில் மாணாக்கன் தேவாலயத்துப் பழம் பண்ணொன்றுக்குப் பக்க இசை அமைக்க வேண்டும். எழுதப்பட்ட உருப்படி ஒன்றை வாசிக்க வேண்டும். அவ்விடத்திலேயே கொடுக்கப்படும் சிறு ஸ்வரத் தொடரை வைத்து ஃபியூக் ஒன்றை, அதாவது ஒரு குரல் எடுத்த தொடரை மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக ஏந்தி ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் அமைப்பை, யோசிக்க அவகாசமின்றி வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு வேறொரு கருத்தை எடுத்துக் கற்பனையாக விரிக்கவும் வேண்டும். பிராங்கே 1841 இல் இந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தவர். ஃபியூக்குக்காகக் கொடுத்த தொடரும், கற்பனைக்காகக் கொடுத்த தொடரும் ஒன்றோடொன்று இசையும் என்பதை அந்தக் கணத்திலேயே கண்டு, இரண்டையும் சேர்த்தே அவர் நெடுநேரம் வாசிக்க, நீதிபதிகள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். பெனுவா எடுத்துச் சொல்லிய பிறகுதான் இரண்டாம் பரிசாவது கிடைத்தது. அத்தகையவர் ஆசிரியரானதும், விரலை வேகமாக ஓட்டும் வித்தையைவிட, ஒரு கருத்து எங்கிருந்து புறப்பட்டு எந்த ஸ்தாயி எந்தச் சுருதி வழியாக எங்கே போய்ச் சேர வேண்டும் என்னும் விவேகத்தையே வகுப்பில் போதித்ததில் வியப்பில்லை.

இதனால் பெயரளவில் ஆர்கன் வகுப்பாக இருந்தது, உண்மையில் சங்கீத ரசனைக்கும் ரசனைக்கு மேற்பட்ட ஸிருஷ்டிக்கும் பள்ளியாயிற்று. ஸிருஷ்டி கற்பிக்கும் ஆசிரிய பீடங்களோ அதே கலாசாலையில் மஸ்ஸனே முதலிய பிரசித்தர்கள் வசம் இருந்தன. தங்களுக்கு உரிய வேலையை ஆர்கன்காரர் ஒருவர் செய்கிறார் என்பதில் அங்கே சிலருக்கு உள்ளூர மனக்கசப்பும் இருந்தது. பிராங்குக்கு அப்படியொரு பீடம் கடைசி வரையில் கொடுக்கப்படவே இல்லை. இருந்தும் வான்ஸான் தாந்தி, ஆன்ரி துபார்க், எர்னஸ்ட் ஷோஸோன், பியேர்னே, ரொபார்த்ஸ், அகஸ்தா ஹோல்மெஸ் என்று, கலாசாலைக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வந்து அவரைச் சூழ்ந்த மாணாக்கர்கள் அவரைத் தந்தை என்றே அழைத்தார்கள். தாந்தி முதன்முதலாகத் தம் உருப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டியபோது, கருத்துக்கள் மோசமில்லை என்று பாராட்டிவிட்டு, ஆனால் கலையைப் பற்றி உனக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது என்றும் பிராங்க் சொல்லிவிட்டார். கோபத்தோடு வீடு திரும்பிய இளைஞர், யோசித்துப் பார்த்து, அவர் சொன்னது சத்தியம் என்று உணர்ந்து, தம்மைச் சிஷ்யனாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டிக் கொண்டார். அந்த இளைஞர்தான் பின்னாளில் குருவின் சரிதையை எழுதி உலகத்துக்குத் தந்தவர். பக்தி மிகுதியால் அவர் சில இடங்களில் வர்ணத்தைக் கூட்டியிருக்கிறார் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்வது உண்மையே; ஆயினும் நேரில் கண்டவரின் சாட்சியத்தை முற்றும் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

எல்லாச் சிஷ்யர்களும் கட்டுண்டு இருந்தார்கள் என்பதில்லை. தெபுஸி சில காலம் அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தார். சுருதியை மாற்று, சுருதியை மாற்று என்று ஆசிரியர் தூண்டிக்கொண்டே இருக்க, இந்தச் சுருதியிலேயே சுகமாக இருக்கும்போது ஏன் மாற வேண்டும் என்று பையன் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியானாலும், குருவின் இயல்பையும் சீடனின் இயல்பையும் அது பழுதறக் காட்டுகிறது.

இத்தனை பாடங்களுக்கு நடுவே தம் சொந்தப் படைப்புக்கு அவர் எங்கிருந்து நேரம் எடுத்தார்? குளிர் காலமோ கோடையோ, அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுந்து, இரண்டு மணி நேரம் தமக்கென்று எழுதுவார். ஏழரை மணிக்குச் சிறிது ஆகாரம் செய்துவிட்டு, வலது கரையும் இடது கரையுமாகப் பாரிஸ் முழுதும் நடந்து, பாதிரிமார் பள்ளிகளிலும் செல்வர் வீடுகளிலும் பியானோ சொல்லிக் கொடுத்துவிட்டு மாலையில் திரும்புவார். மாலையில் சிஷ்யர்கள் வந்து காத்திருப்பார்கள். விடியற்காலையின் அந்த இரண்டு மணியும், கோடை விடுமுறையின் சில வாரங்களுந்தான், இன்று நாம் அவருடையவென்று கொண்டாடும் மகத்தான உருப்படிகள் அனைத்தும் பிறந்த காலம். அவற்றில் ஏறக்குறைய யாவும் ஐம்பது வயதுக்குப் பிறகு வந்தவை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். மேதைகள் இளமையில் மலர்ந்து உதிர்ந்த கதைகளையே அதிகம் கேட்டுப் பழகிய நமக்கு, இப்படித் தாமதித்துப் பழுத்த ஒரு ஜீவியத்தை அறிவதில் பெரும் ஆறுதல் உண்டு.

மலைப் பிரசங்கத்தை வைத்து அவர் இயற்றிய "லே பியாத்தித்யூத்" என்னும் பெருங்காவியத்துக்கு, 1869 முதல் 1879 வரை பத்து வருஷம் பிடித்தது. பெரிய இசைக் குழுவைக் கூட்டுவதற்கு வழியில்லாமையால், 1879 பிப்ரவரி 20 ஆம் தேதி தம் வீட்டுக் கூடத்திலேயே, மாணாக்கர்களையும் சில பாடகர்களையும் கொண்டு அதைப் பாடிக் காட்ட ஏற்பாடு செய்து, மந்திரியையும் கலாசாலை அதிபரையும் ஆப்பெரா அதிபரையும் பத்திரிகை விமர்சகர்களையும் அழைத்தார். சில நாள் முன்பு பிராங்கின் கையில் அடிபட்டிருந்ததால் பியானோவில் தாந்தி உட்கார்ந்தார். மந்திரி வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார், அதிபர்களும் அவ்வாறே, வந்த சிலரும் பாதியிலேயே ஒவ்வொருவராக எழுந்து சென்றார்கள். கடைசி வரையில் இருந்த விருந்தினர் இருவரே: சங்கீத கர்த்தாக்களான லாலோவும் ழோன்ஸியேரும். வாத்தியக் குழுவோடு அந்தக் காவியம் முழுமையாக ஒலிப்பதைக் கேட்கும் பாக்கியம் அதன் கர்த்தாவுக்குக் கிட்டவே இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டு ஜனவரியில் பியானோ குவின்டெட் அரங்கேறியபோது, பியானோ வாசித்த ஸான் ஸான்ஸ், தமக்கே அர்ப்பணம் செய்யப்பட்ட கையெழுத்துப் பிரதியை வாத்தியத்தின் மீதே விட்டுவிட்டுப் போய்விட்டார். 1885 இல் அரசாங்கம் விருதளித்ததும் ஆர்கன் ஆசிரியர் என்ற முறையில்தான். படைப்பாளி என்ற முறையில் அல்ல. இவற்றுக்கெல்லாம் பிராங்க் மனம் தளர்ந்துவிடவில்லை. மறுநாள் ஐந்தரை மணிக்கு அவர் எழுந்திருப்பார்.

இனி, எல்லோரும் அறிந்த வயலின் சொனாட்டாவுக்கு வருவோம். 1886 செப்டம்பரில், லியேஜ் நகரத்தவரேயான வயலின் வித்வான் யூஜின் இஸாயிக்கு விவாகம் நடந்தது. அதற்குப் பரிசாகப் பிராங்க் அனுப்பியது இந்தச் சொனாட்டா. விருந்துக்கு வந்திருந்த லியோந்தீன் போர்த்-பேன் என்னும் பெண்மணி பியானோவில் அமர, அவசரமாக ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டு, மாப்பிள்ளையே அதைக் கலியாண வீட்டில் வாசித்தார். அதே வருஷம் டிசம்பர் 16 ஆம் தேதி ப்ரஸ்ஸல்ஸ் நகரத்துச் சித்திரக் கூடமொன்றில் பகிரங்க அரங்கேற்றம். படங்களுக்குக் கேடு வரும் என்று அங்கே விளக்கேற்ற அனுமதியில்லை. நிகழ்ச்சி நீண்டு பொழுது சாய்ந்துவிடவே, ஏட்டின் எழுத்துக்கள் மறைந்து போயின. இஸாயி பின்வாங்காமல், அப்பெண்மணியோடு சேர்ந்து, மிச்சப் பகுதிகளை இருளிலேயே மனப்பாடமாக வாசித்து முடித்தார்.

அதன் கடைசிப் பகுதியில் பியானோ பாடத் தொடங்கும் எளிய பாட்டை, ஒரே ஓர் அளவு தள்ளி வயலினும் அப்படியே பாடிக்கொண்டு வரும். சாஸ்திரத்தில் இது கடுமையான நியமம். எத்தனையோ பேர் கையில் கணக்குப் பயிற்சியாக உலர்ந்து போனது. பிராங்கின் கையிலோ, தம்பதிகள் ஒருவர் அடியை ஒருவர் பின்பற்றி நடப்பதுபோல் அது அத்தனை சகஜமாக நடக்கிறது. முதற் பகுதியில் தயங்கித் தயங்கி எழும் மூன்று ஸ்வரச் சாயல், வேறு வேறு உருவெடுத்துப் பின்வரும் பகுதிகளிலும் தலை காட்டும். பல பகுதிகளை ஒரே வித்திலிருந்து வளர்க்கும் இந்த முறையை அவர் தம் பதினெட்டு, இருபது வயதில் எழுதிய ட்ரியோக்களிலேயே முயன்றிருந்தார். பூரணமாகக் கைவர நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

1889 பிப்ரவரி 17 ஆம் தேதி கலாசாலைக் கச்சேரியில் டி மைனர் சிம்பனி அரங்கேறியது. இரண்டாம் பகுதியில், நரம்பு வாத்தியங்கள் விரலால் மீட்டப்பட, ஹார்ப்பும் கூடச் சேர, "கோர் ஆங்லே" என்னும் குழல் ஒரு சோக கீதத்தை எடுக்கிறது. நிதானமான இந்த நடைக்குள் ஒரு துரித நடையும் பின்னர் புகுந்து, நிதானத்தின் ஒரு தட்டுக்குள் துரிதத்தின் ஓர் அளவு முழுவதும் அடங்குமாறு இரண்டும் சேர்ந்தே செல்வது, கால அளவையில் அவருக்கிருந்த அபாரத் தேர்ச்சிக்குச் சான்று. கலாசாலை ஆசிரியர் ஒருவரோ, சிம்பனியில் யாராவது கோர் ஆங்லேயைச் சேர்ப்பதுண்டா, ஹைடனோ பீதோவனோ சேர்த்தார்களா என்று தாந்தியிடம் பரிகசித்தாராம். ஹைடன் 1764 இலேயே தம் 22 ஆம் சிம்பனியில் அந்தக் குழலை ஒன்றல்ல, இரண்டாகச் சேர்த்திருக்கிறார்! அன்று வீடு திரும்பிய பிராங்கைச் சூழ்ந்துகொண்டு, சபையோர் ரசித்தார்களா, கரகோஷம் செய்தார்களா என்று குடும்பத்தார் கேட்க, தாம் மனத்தில் நினைத்தபடியே ஒலித்தது என்று மட்டும் அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

ஜனங்களின் கரகோஷம் உண்மையாக அவர் காதில் விழுந்தது 1890 ஏப்ரலில், ஸ்ட்ரிங் குவார்டெட் அரங்கேறிய இரவில்தான். அப்போது அவருக்கு வயது 67. அதே வருஷத்தில் ஒரு குதிரை வண்டி விபத்தில் அவர் அடிபட்டார். வலியைப் பொருட்படுத்தாமல் கோடையில் ஆர்கனுக்கு மூன்று "கோரல்"களை எழுதி முடித்தார். அக்டோபரில் வகுப்புக்கும் திரும்பினார். ஜலதோஷமாகத் தொடங்கியது நெஞ்சில் இறங்கி, நவம்பர் 8 ஆம் தேதி உயிரைக் கொண்டு சென்றது. அந்த மூன்று உருப்படிகளையும் தம் பழைய ஸாந்த் க்ளோதில்த் ஆர்கனில் வைத்து, எந்தெந்த இடத்தில் எந்தெந்த இழுப்பைத் திறப்பது என்று குறிக்க வேண்டுமென்பது அவருடைய கடைசி விருப்பங்களில் ஒன்று.

குருவை இழந்த இளைய சிஷ்யர்களில் ஒருவர், கியோம் லெக்கு. அவரும் பெல்ஜிய தேசத்தவரே, வெர்வியேவுக்கு அருகே பிறந்த இருபது வயதுப் பிள்ளை. இன்னும் நான்கு ஆண்டுகளுக்குள்ளாகவே விஷஜுரத்தால் மறையவிருந்த அந்தப் பிள்ளை, இடையில் இஸாயிக்காக இன்னொரு வயலின் சொனாட்டாவை எழுதிக் கொடுத்தார். மூத்த சிஷ்யர்களான தாந்தியும் போர்டும், ஆர்கன் வித்வானான கில்மானோடு சேர்ந்து 1894 இல், கலாசாலைக்கு வெளியே, தம் ஆசிரியரின் வழியில் சங்கீதம் கற்பிக்க ஒரு புதிய பள்ளியை ஸ்தாபித்தார்கள். "ஸ்கோலா கண்டோரும்" என்ற அப்பள்ளியையும், லெக்குவின் குறுகிய ஜீவியத்தையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)